மலைமேல் இருந்து கடை விரிப்பது எப்படி?

(ரிங்லெட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு சம்பளத்தைப் பற்றியதும் அல்ல, போனசைப் பற்றியதும் அல்ல. வியாபாரம்! அதுவும் கைத்தொலைபேசி வழியாக நடக்கும் வியாபாரம். "தொழிற்சங்க மேடையில் வியாபாரப் பேச்சா? தொழிலாளியைத் தவுக்கே ஆக்கப் பார்க்கிறாரா?" என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் வீடுகளில் நடப்பதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன். மாதத்துக்கு 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் வந்தது. அதை வைத்துக்கொண்டு பிள்ளையைக் கோலாலம்பூரில் படிக்கவைப்பது எப்படி என்று கணக்குப் போட்டுக் கணக்கு வராமல் தவிக்கும் தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். அறுபது வயதில் வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விடவேண்டி வருமே என்ற கவலையோடு ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் ஏற்கனவே ஊறுகாய் போட்டும், முறுக்குச் சுட்டும், பூச்செடி வளர்த்தும் விற்கிறார்கள். விற்கிறார்களே தவிர, கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நம் கண்ணெதிரே உள்ளதைப் பார்ப்போம். 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னே என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இந்தக் காட்டை அழித்து போ தோட்டத்தைத் தொடங்கினார். அழித்தவர் அவர் என்று எழுதுவது புத்தக வழக்கம். கத்தியும் கோடரியும் யார் கையில் இருந்தன என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அந்த நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் கிலோ தேயிலை செய்கிறது. நாட்டின் மூலை முடுக்கெல்லாம் அந்தத் தேத்தூள் கிடைக்கிறது. இது பெரிய சந்தை. எல்லோருக்கும் ஒரே சாமானை விற்பது. அதற்கு லாரி வேண்டும், விளம்பரம் வேண்டும், பேரங்காடியில் தட்டு வேண்டும், கோடிக்கணக்கில் முதல் வேண்டும். உங்களாலும் என்னாலும் அந்த ஆட்டம் ஆட முடியாது. ஆட நினைப்பவன் கையைச் சுட்டுக்கொள்வான்.

இன்னொரு வகைச் சந்தை இருக்கிறது. ஒரே ஒரு சாமான். அதை உண்மையாகவே தேடுகிற ஒரு சிறு கூட்டம். அந்தக் கூட்டம் ஒரே ஊரில் இருக்காது. கிள்ளானில் பத்துப் பேர், ஜொகூரில் ஐந்து பேர், பினாங்கில் ஏழு பேர், சிங்கப்பூரில் மூன்று பேர் என்று சிதறிக் கிடக்கும். பழைய காலத்தில் இவர்களை ஒன்றுசேர்க்க வழியில்லை. ஒரு கம்பத்தில் கடை போட்டால் அந்தக் கம்பத்து ஜனங்களுக்குத்தான் விற்கமுடியும். இணையம் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. நூறு ஊரில் ஒவ்வொருவராக இருப்பவர்கள் ஒரே கடை வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். இணையம் செய்த பெரிய காரியம் இதுதான். மற்றதெல்லாம் வேடிக்கை.

இது ஒன்றும் அமெரிக்காவில் நேற்றுக் கண்டுபிடித்த மந்திரம் அல்ல. கிளாஸ்கோ நகரில் மளிகைக்கடை வைத்திருந்த தாமஸ் லிப்டன் 1890-ல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரை ஒதுக்கிவிட்டுச் சிறு பொட்டலமாகத் தேயிலை விற்றார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. எனக்குப் பிடித்தது வேறொன்று. ஊருக்கு ஊர் தண்ணீர் வேறுபடுகிறது, ஆகவே அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி கலந்த தேயிலை என்று சொல்லி விற்றார் மனிதர்! வாங்குகிறவளுக்கு, "இது என் ஊருக்காகவே செய்தது" என்ற எண்ணம் வந்துவிட்டது. பின்னாளில் உலகம் முழுவதும் பரவிய பெயரும் தொடக்கத்தில் இப்படித்தான் கூட்டம் கூட்டமாகப் பிரித்து விற்றது.

நம் காலத்துக்கு வருவோம். 2015-ல் டில்லியில் பாலா சர்தா என்ற இளைஞர் வாதம் என்ற பெயரில் ஒரு தேயிலை நிறுவனம் தொடங்கினார். தேயிலை வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அவர் இந்தியக் கடைகளில் போட்டிபோடப் போகவில்லை. தோட்டத்துப் பெயரும் பருவமும் அறிந்து நல்ல தேயிலை குடிக்கிற அமெரிக்கர்களைத் தேடி, இந்தியாவிலேயே பொட்டலம் கட்டி, இணையத்தின் வழியே அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார். அவருக்குக் குடும்பத் தொழிலின் அனுபவம் இருந்தது, பின்னால் முதலீட்டாளரும் வந்தார்கள். ஆகவே அவரைப் போல ஆகலாம் என்று நான் சொல்லவில்லை. யாரைத் தேடிப் போனார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான சங்கதி கோவில்பட்டிக் கடலைமிட்டாய். வேர்க்கடலையும் வெல்லமும் எந்த ஊரில் இல்லை? ஆனாலும் கரிசல் மண்ணில் விளைந்த கடலை, அந்த ஊர்ப் பக்குவம் என்று சொல்லி 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். அதாவது வேறு ஊர்க்காரர் அந்தப் பெயரைப் போட்டு விற்கக்கூடாது. அடுத்த ஆண்டே இந்தியத் தபால் இலாகா அந்த மிட்டாயை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்க ஏற்பாடு செய்தது. கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019-ல் அதே குறியீட்டைப் பெற்றது. மலைப்பூண்டு! நம்மைப் போல மலையில் இருக்கிறவர்களின் சாமான். இங்கே நம் நாட்டிலும் சரவாக் மிளகுக்கும் சபா தேயிலைக்கும் அந்த மரியாதை உண்டு. ஊர்ப்பெயருக்கு விலை இருக்கிறது, தோழர்களே. "கேமரன் மலை" என்ற பெயரைக் கேட்டதும் இந்த நாட்டில் யாருக்கும் குளிரும் பனியும் நினைவுக்கு வரும். அந்தப் பெயரின் பலன் இதுவரை நமக்கு வந்ததில்லை.

சரி, எதை விற்பது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்டிராபெரி ஜாம் செய்யலாம் என்பீர்கள். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரைக்கும் சாலையோரம் முழுவதும் அதுதான். எல்லோரும் விற்பதை நாமும் விற்றால் விலையைக் குறைப்பது ஒன்றுதான் வழி. விலை குறைக்கும் போட்டியில் ஏழை ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. தேயிலை விற்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொழுந்து தோட்டத்துடையது, பெயர் கம்பெனியுடையது. இரண்டையும் தொடவேண்டாம். வேலையும் போகும், வழக்கும் வரும்.

ஊறுகாயையே எடுத்துக்கொள்வோம். "ஊறுகாய்" என்று விற்றால் கடையிலுள்ள ஐம்பது போத்தல்களோடு ஐம்பத்தொன்றாவது போத்தல். "வீட்டு ஊறுகாய்" என்றால் கொஞ்சம் குறுகும். "வெங்காயம், பூண்டு சேராத, விரதக்காரர் சாப்பிடும் ஊறுகாய்" என்று சொல்லிப் பாருங்கள். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்! புரட்டாசி மாதம் முழுவதும் சைவம் சாப்பிடும் வீடுகள் எத்தனை! தொழிற்சாலையிலும் ஆபீசிலும் வேலை பார்த்துவிட்டு வரும் பெண்களுக்கு விரதச் சமையல் பெரிய பாரம். அவர்களுக்கு நீங்கள் விற்பது ஊறுகாயை அல்ல, நிம்மதியை. இன்னொரு கூட்டமும் இருக்கிறது. இந்த மலையில் பிறந்து, பிழைப்புக்காகக் கீழே போனவர்கள். மரத்தக்காளித் தொக்கு என்று எழுதினால் அவர்கள் நாக்கில் நீர் ஊறும். கோலாலம்பூர்க்காரருக்கு அது என்னவென்றே தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

பூச்செடி, கள்ளிச்செடிக் கன்று அனுப்பலாமா என்றால் அனுப்பலாம்; அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் ஆசையாக வாங்குகிறார்கள். ஆனால் சபா, சரவாக்குக்குச் செடி அனுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும். தீபகற்பத்துக்குள்ளேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

சாமானைத் தீர்மானித்த உடனே கடன் வாங்கி இருநூறு போத்தல் வாங்கி அடுக்கிவிடாதீர்கள். முதலில் பத்துப் போத்தல். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பத்துப் பேருக்குக் காசுக்குத்தான் விற்கவேண்டும். இனாமாகக் கொடுத்தால் எல்லோரும் "பிரமாதம்" என்றுதான் சொல்வார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் நீங்கள் கேட்காமலே மறுபடி கேட்டார்கள் என்று பாருங்கள். நான்கு பேர் கேட்டால் வியாபாரம் இருக்கிறது. ஒருவரும் கேட்காவிட்டால் சாமானை மாற்றுங்கள், அல்லது கூட்டத்தை மாற்றுங்கள். நஷ்டம் பத்துப் போத்தலோடு போகும்.

இப்போது கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனெனில் கையில் காசு நிற்காததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. உதாரணத்துக்குச் சொல்கிறேன். கால் கிலோ போத்தல் ஒன்றுக்கு காய், எண்ணெய், உப்பு, மிளகாய், கேஸ் எல்லாம் சேர்த்து 4 வெள்ளி. போத்தலும் லேபலும் 1 வெள்ளி 50 காசு. பெட்டியும் உள்ளே வைக்கும் காகிதமும் 1 வெள்ளி. இணையக் கடைக்காரன் நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தபால் செலவு வாங்குபவருடையது. இரவுச் சந்தையில் 10 வெள்ளிக்கு விற்கிறார்களே என்று நீங்களும் 10 வெள்ளி போடுகிறீர்கள். இருபது போத்தல் விற்றால் 200 வெள்ளி. செலவு 150. மிச்சம் 50. இருபதில் ஒன்று வழியில் உடையும். அதற்குப் பதில் அனுப்ப போத்தலுக்கும் பெட்டிக்கும் 6.50, தபாலுக்கு 8 வெள்ளி. மிச்சம் 35 வெள்ளி 50 காசு. காய் நறுக்கி, கிண்டி, அடைத்து, பெட்டி கட்டி, இரவில் கேள்விகளுக்குப் பதில் எழுதி, அஞ்சலில் சேர்க்கப் பத்து மணி நேரம் ஆகியிருக்கும். மணிக்கு 3 வெள்ளி 55 காசு! சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 வெள்ளி 72 காசு. இதே கூலியை ஒரு முதலாளி கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா? நம் வீட்டுப் பெண்களுக்கு நாமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அதே போத்தலை 15 வெள்ளி போடுங்கள். வரவு 300. தரகு கூடுவதால் செலவு 160. உடைந்தது போக 125 வெள்ளி 50 காசு. மணிக்கு 12 வெள்ளி 55 காசு. "15 வெள்ளிக்கு யார் வாங்குவார்?" என்பீர்கள். எல்லோரும் வாங்கமாட்டார்கள், எல்லோருக்கும் நாம் விற்கவும் இல்லை. விரதத்துக்கென்று தேடி அலுத்தவர் வாங்குவார். ஆகவேதான் கூட்டத்தைக் குறுக்கச் சொன்னேன். ஒரு போத்தலுக்கு 8 வெள்ளி தபால் கொடுக்க மனம் வராது. மூன்று போத்தலை ஒரு பெட்டியில் போட்டால் வாங்குபவருக்கும் கட்டும், உங்களுக்கும் பெட்டிக் கூலி குறையும்.

கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2008-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கலைஞனுக்கு லட்சம் பேர் வேண்டாம், எதைச் செய்தாலும் வாங்கும் ஆயிரம் மெய்யான ரசிகர்கள் போதும். ஆளுக்கு ஆண்டுக்கு நூறு டாலர் என்றால் பிழைப்பு நடந்துவிடும் என்பது அவர் கணக்கு. நமக்கு ஆயிரமும் வேண்டாம். நூறு குடும்பம், ஆண்டுக்கு ஆறு போத்தல். மேலே சொன்ன கணக்கில் 3,765 வெள்ளி. மாதத்துக்கு 300 வெள்ளிக்குச் சற்று மேல். இதனால் யாரும் பங்களா கட்டமுடியாது. பிள்ளையின் பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். அதற்கு மேல் ஆசை காட்டுகிறவனை நம்பாதீர்கள்.

அந்த நூறு குடும்பத்தைச் சேர்ப்பது எப்படி? ஷோப்பி, டிக்டாக் கடை போன்ற இடங்களில் கூட்டம் அதிகம்; ஆனால் அங்கே வருபவர் அவர்களுடைய வாடிக்கை, உங்களுடையவர் அல்லர். தரகு விகிதத்தை அவர்கள் நினைத்தால் மாற்றுவார்கள். ஆகவே அங்கே கடை வையுங்கள், ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் உங்கள் பெயரும் வாட்ஸ்அப் எண்ணும் அச்சிட்ட துண்டு ஒன்றை, அந்தக் கடையின் விதி இடங்கொடுத்தால், வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியல் வசதி உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர். ஆனால் உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். "என் எண்ணைப் பதிந்து வையுங்கள், புரட்டாசிக்கு முன் சொல்கிறேன்" என்று அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தினந்தோறும் காலை வணக்கப் படம் அனுப்பித் தொல்லை கொடுத்தால் எடுத்துவிடுவார்கள். ஆண்டில் எட்டு முறை போதும்.

பெயர் எழுதும்போது ஒரு சூட்சுமம். நம்மவர்கள் தேடும்போது தமிழ் எழுத்தில் அடிப்பவர் சிலர். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர் பலர். மலாயில் தேடுபவரும் உண்டு. மூன்று விதமாகவும் சாமானின் பெயரைப் போட்டு வையுங்கள். படம் எடுக்கக் கேமராக்காரர் வேண்டாம். காலை வெயிலில் வாசலில் வைத்து எடுங்கள். பின்னால் மலை தெரிகிறதே, அதைக் காட்டாமல் பிளாஸ்டிக் பூவைக் காட்டுகிறார்களே என்று எனக்கு வருத்தம். காய் நறுக்கும் கையைக் காட்டுங்கள். விலையை மறைக்காதீர்கள். இணையத்தில் விற்பவர் தம் பெயர், தொடர்பு, முழு விலை ஆகியவற்றைத் தெரிவிக்கவேண்டும் என்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 முதல் அமலுக்கு வந்த விதி.

மலைப்பாதையில் மண் சரிந்தால் தபால் நிற்கும். மழைக்காலத்தில் "இரண்டு நாளில் வரும்" என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். ஐந்து நாள் என்று சொல்லி மூன்று நாளில் சேர்த்தால் வாடிக்கையாளர் மகிழ்வார்.

சட்ட காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.-இல் பதிய வேண்டும். 1956-ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் என்றால் 60 வெள்ளி. உணவுச் சாமான் என்றால் சுகாதார அமைச்சில் பதிவு, உணவு கையாள்வோருக்கான பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி. லேபலில் சாமானின் பெயர், சேர்த்த பொருள்கள், எடை, செய்தவர் முகவரி, காலாவதித் தேதி. முகவரியில் 39200 ரிங்லெட் என்று போடும்போதே கால் பங்கு விளம்பரம் முடிந்துவிடுகிறது. குடியிருப்பு தோட்டத்துடையதாகையால், வீட்டில் சமைத்து விற்க நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சு துரை மாறினால் போய்விடும்.

தனியாகச் செய்யத் தயங்குபவர்கள் சேர்ந்து செய்யலாம். 1959-ல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். லிஜ்ஜத் என்ற பெயர் அப்படி வந்தது. அப்பளம் ஒன்றைத்தான் செய்தார்கள். பத்துச் சாமான் செய்யவில்லை. ஒரு லயத்தில் நான்கு தாய்மார்கள், கைத்தொலைபேசி தெரிந்த ஒரு பெண்பிள்ளை. இது போதும். ஆனால் வங்கிக் கணக்கு உழைக்கும் பெண்ணின் பெயரில் இருக்கட்டும். ஆண்பிள்ளைகள் கோபித்துக்கொண்டாலும் சரி, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். முதல் தேவைப்பட்டால் தெக்குன் நிறுவனத்தில் இந்தியர்களுக்கென்று ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. அமானா இக்தியார் 2024-ல் இந்தியப் பெண்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. மறுபடி கேட்கும் வாடிக்கை இருபது பேராவது சேர்ந்த பிறகு அங்கே போங்கள். வட்டிக்காரனிடம் எப்போதும் போகாதீர்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "இணையத்தில் சம்பாதிக்கும் ரகசியம் கற்றுத்தருகிறேன், 2,000 வெள்ளி கட்டு" என்று வருபவர்கள் பெருகிவிட்டார்கள். கிளிஜோசியக்காரனாவது ஒன்றிரண்டு வெள்ளியோடு விடுவான். இவர்களில் பலருக்கு விற்கத் தெரிந்த ஒரே சாமான் அந்த வகுப்புதான். ஊறுகாய் விற்கும் வித்தை தெரிந்தவன் ஊறுகாயை அல்லவா விற்றுக்கொண்டிருப்பான்? பணம் அனுப்பியதாக ரசீதுப் படம் காட்டுபவருக்குச் சாமான் அனுப்பாதீர்கள்; பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வங்கிச் செயலியைத் திறந்து நீங்களே பாருங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்த அந்த நிமிஷமே 997 என்ற எண்ணை அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

இன்று இங்கே விலைக் கணக்குப் போடத் தாளும் பென்சிலும் கொண்டுவந்திருக்கிறேன். ஏற்கனவே விற்றுக்கொண்டிருக்கும் தாய்மார்கள் முன்வரிசைக்கு வாருங்கள். உங்கள் சாமானுக்கு மணிக்கு எத்தனை காசு நிற்கிறது என்று இப்போதே சேர்ந்து பார்ப்போம்.